ஒழுகும் ரேடியேட்டரும் யதீமின் பங்கும்

ஃபிக்ஹுக் கல்வியின் வாயிலில் நிற்பது நீர். அரபிக் கல்லூரியில் சேர்ந்த மாணவன் தொழுகையின் சட்டங்களை ஓதுவதற்கு முன்பே நீரின் சட்டங்களை ஓதியாக வேண்டும். மழை நீர், கடல் நீர், கிணற்று நீர் என வகை பிரித்து, எந்த நீர் தானும் தூய்மையாயிருந்து பிறவற்றையும் தூய்மை செய்யும், எந்த நீர் தான் தூய்மையாயிருந்தும் பிறவற்றைத் தூய்மை செய்யாது, எப்போது அது 'நீர்' என்னும் பெயரையே இழந்துவிடும் என்றெல்லாம் உஸ்தாதுமார்கள் விளக்குவார்கள். பல்லாண்டுகளாக நாமும் இதே பாடத்தை ஓதிக் கொடுத்து வருகிறோம். ஆயினும், ஒரு மோட்டார் வண்டியின் வயிற்றுக்குள் ஓடும் நீரைப் பற்றியும், அதன் வழியாக வணிகச் சட்டத்தின் ஒரு பகுதியைப் பற்றியும் நாம் ஆழ்ந்து சிந்திக்க நேர்ந்தது சென்ற ஆண்டுதான்.

நமது பெரிய வாப்பாவின் மகனும், நாம் 'காக்கா' என்று அழைத்து வந்தவருமான ஒருவர் நீண்ட நாள் நோய்க்குப் பின் வஃபாத்தானார். அவருடைய பெற்றோர் முன்னரே மறைந்துவிட்டனர். மனைவி, மணமான இரு பெண்மக்கள், பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் ஆகியோரே வாரிசுகள். நோய்ப் படுக்கையில் இருந்தபோதே சாட்சிகளை வைத்து, சிறுவனின் பொருளுக்கு நம்மை வஸிய்யாக நியமித்திருந்தார். சொத்தை 32 பங்காக்கினால் மனைவிக்கு 4, பெண்மக்கள் ஒவ்வொருவருக்கும் 7, சிறுவனுக்கு 14 என்று வாரிசுரிமைச் சட்டம் சொல்கிறது. கணக்குப் போடுவது எளிது. அந்த 14 பங்கைக் காப்பதுதான் கடினம். யதீமுடைய பொருளை உண்பவர்களுக்குத் திருமறை விடுத்துள்ள எச்சரிக்கையை மாணவர்களுக்கு ஓதிக் கொடுக்கும்போது நமது குரல் என்றுமே தாழ்ந்துவிடும். அப்பொருள் நமது கைக்கே வந்து சேர்ந்தபின் உறக்கமும் குறைந்தது.

காக்கா விட்டுச் சென்றவற்றுள் ஒன்று, பெரிய வாப்பா 1974-இல் வாங்கிய அம்பாசிடர் வண்டி. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்னும் ஆங்கில வண்டியின் வார்ப்பைப் பின்பற்றி, வங்காளத்து உத்தரபாராவில் 1950-களின் பிற்பகுதி முதல் 2014 வரை இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தார் செய்து வந்த வண்டி அது. இராமநாதபுரக் கடற்கரையிலுள்ள நமதூரில் அதை அறியாதார் இல்லை. மாப்பிள்ளை ஏறிய வண்டி அதுவே. நள்ளிரவில் பேறுகாலப் பெண்களை மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்ததும் அதுவே. ஹஜ்ஜுக்குப் புறப்பட்டவர்களை இரயிலடியில் இறக்கிவிட்டு, வழியனுப்பச் சென்ற பெண்களை அழுகையோடு திருப்பிக் கொண்டு வந்ததும் அதுவே. பெரிய வாப்பா இவற்றுக்கெல்லாம் வாடகை பெற்றதில்லை. பெட்ரோல் போட்டுத் தந்தால் மறுத்ததும் இல்லை.

காக்கா படுக்கையில் இருந்த காலமெல்லாம் வண்டி கொட்டகையிலேயே நின்றது. வாரிசுகள் கூடி அதை விற்றுவிடுவதென்று முடிவு செய்தபின் நாம் சென்று பார்த்தபோது, முன்புறத்துக்குக் கீழே செந்நிற நீர் குளம்போல் தேங்கி உலர்ந்த தடம் கிடந்தது. உள்ளூர் மெக்கானிக் ரேடியேட்டரைத் தொட்டுக் காட்டினார். செப்புத் தகடுகளின் மீது களிம்பு பச்சையாய்ப் பூத்திருந்தது. அடித் தொட்டியின் விளிம்பில் உப்பு வெள்ளையாய்ப் படிந்திருந்தது. தண்ணீரை ஊற்றி இயந்திரத்தை ஓடவிட்டதும் மூன்று இடங்களில் சொட்டத் தொடங்கிற்று.

அன்று மாலையே வண்டித் தரகர் ஒருவர் வந்தார். தொழுகையை விடாதவர், நம்மீது மரியாதை உள்ளவர். கோவையில் பழைய வண்டிகளை விரும்பிச் சேர்க்கும் செல்வர் ஒருவர் 1,60,000 ரூபாய்க்கு இசைந்திருப்பதாகவும், வெள்ளிக்கிழமை வந்து ஓட்டிப் பார்ப்பார் எனவும் கூறினார். ஒழுக்கலைக் காட்டினோம். அவர் சிறிதும் கலங்கவில்லை.

"ஹஜ்ரத், ஒரு கைப்பிடி மஞ்சள் பொடி போதும். இருபது ரூபாய்ச் செலவு. அவர் ஓட்டிப் பார்க்கும்போது ஒரு சொட்டு விழாது" என்றார். நாம் மௌனமாயிருக்கக் கண்டு, குரலைத் தாழ்த்தி, "உண்மையைச் சொன்னால் பதினைந்தாயிரம் குறைப்பார். குறைகிறது யார் பணம்? யதீமுடைய பணம் இல்லையா? அதற்கு நாளைக்கு நீங்கள் அல்லவா பதில் சொல்ல வேண்டும்?" என்று வினவினார்.

தரகரின் வாதத்தை எளிதில் தள்ளிவிட நம்மால் முடியவில்லை. 15,000 ரூபாயில் சிறுவனின் பங்கு 6,562 ரூபாய் 50 காசு. வஸிய்யாக இருப்பவர் யதீமின் நலனுக்கு மாறாக ஒரு காசையும் விட்டுக்கொடுக்கும் உரிமை பெற்றவரல்லர். நமது சொந்தப் பொருளாயிருந்தால் தாராளம் காட்டலாம். பிறர் பொருளில் காட்டும் தாராளம் தாராளமாகாது. இரவு முழுவதும் இதையே எண்ணிக் கொண்டிருந்தோம்.

இவ்விடத்தில் ரேடியேட்டர் என்பது யாதென்று சிறிது விளக்குதல் வேண்டும். நமக்கு இயந்திரக் கல்வி கிடையாது. பட்டறையில் நின்று கேட்டதையும், பின்னர் படித்தறிந்ததையுமே எழுதுகிறோம். எரிபொருளின் வெப்பம் முழுவதும் வண்டியை ஓட்டப் பயன்படுவதில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, இயந்திரத்தைச் சுற்றி ஓடும் நீரில் இறங்கிவிடுகிறது. அந்த நீர் மேற்குழாய் வழியாக ரேடியேட்டரின் மேல் தொட்டிக்கு வருகிறது. மெல்லிய தட்டைக் குழாய்கள் பலவற்றின் வழியே கீழிறங்குகிறது. குழாய்களோடு ஒட்டிய தகடுகளின் இடையே காற்று புகுந்து வெப்பத்தைக் கவர்ந்து செல்ல, ஆறிய நீர் அடித் தொட்டியிலிருந்து மீண்டும் இயந்திரத்துக்குள் புகுகிறது. மூடியும் வெறும் மூடியன்று. சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தத்தை உள்ளே நிறுத்தினால், 100 பாகையில் கொதிக்க வேண்டிய நீர் ஏறத்தாழ 111 பாகை வரை கொதிக்காது. அதனாற்றான், சூடாயிருக்கும்போது மூடியைத் திறந்தவர்களின் முகம் வெந்துபோகிறது. அழுத்தம் நீங்கிய அக்கணமே நீர் ஆவியாய்ச் சீறி எழும்.

கார்ல் பென்ஸ் 1886-இல் உருவாக்கிய வண்டியில் இத்தகைய ஏற்பாடு இருக்கவில்லை. நீர் கொதித்து ஆவியாய்ப் போய்க்கொண்டே இருக்கும். 1888-இல் அவருடைய மனைவி பெர்த்தா மான்ஹைமிலிருந்து ஃபோர்ஸைமுக்கு அவ்வண்டியை ஓட்டிச் சென்றபோது, வழிநெடுகத் தண்ணீர் தேடி ஊற்ற வேண்டியதாயிற்று. 1900-ஆம் ஆண்டின் இறுதியில் வில்ஹெல்ம் மேபாக் வடிவமைத்த மெர்சிடிஸ் வண்டியில்தான் தேன்கூடு போன்ற ரேடியேட்டர் வந்தது. அதில் 8,070 சிறு குழாய்கள் இருந்தன. எதை எடுத்தாலும் நம் முன்னோர் என்றோ கண்டுபிடித்துவிட்டனர் என்று எழுதுவது நம்மவரிடையே ஒரு வழக்கமாகிவிட்டது. அல்ஜஸரீ 1206-இல் நீர் இயந்திரங்களைப் பற்றி அரிய நூலொன்றை எழுதி முடித்தார் என்பது உண்மையே. அதற்காக ரேடியேட்டரையும் அவர் கணக்கில் எழுதிவிடுவது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது.

நமதூர் வண்டிகளின் ரேடியேட்டர்களை அழிப்பது நமதூர் நீரே. கிணற்று நீரில் உப்பும் சுண்ணாம்பும் மிகுதி. சூடேறியதும் சுண்ணாம்பு பிரிந்து, வீட்டில் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிவதுபோல் குழாய்களின் உட்புறத்தில் பொருக்காய்ப் படியும்; உப்பு, உலோகத்தை மெல்ல அரிக்கும். ஒழுகுகிறதென்று நாள்தோறும் அதே நீரை ஊற்றினால், ஊற்றும்தோறும் புதிய சுண்ணாம்பையும் புதிய உப்பையும் சேர்த்தே ஊற்றுகிறோம். வுளூச் செய்யக் கடல் நீர் முழுத் தகுதி பெற்றதென்று மார்க்கம் சொல்லும். ரேடியேட்டருக்கோ அது நஞ்சு. பெரிய வாப்பா உயிரோடிருந்த நாள்வரை முற்றத்துத் தொட்டியில் பிடித்த மழைநீரை மட்டுமே வண்டிக்கு ஊற்றுவார். அவருக்குப்பின் வந்த ஓட்டுநர்கள் எந்த வாளி அருகில் இருந்ததோ அந்த வாளியை எடுத்தனர்.

மஞ்சள் பொடி செய்வது யாதெனில், நீரில் ஊறிப் பருத்து, ஒழுகும் துளையில் சென்று அடைத்துக் கொள்கிறது. பாலைவனம் போன்ற வழியில் மாட்டிக்கொண்டவர் ஊர்வந்து சேர்வதற்கு இதனைச் செய்தால் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்தப் பொடி துளையை மட்டும் தேடிச் செல்லும் அறிவு பெற்றதன்று. பொருக்குப் படிந்து குறுகிப்போன குழாய்களிலும் சென்று அடைக்கும். கோவைக்காரர் சித்திரை வெயிலில் நெடுஞ்சாலையில் செல்லும்போது நீர் கொதிக்கும். இயந்திரத்தின் தலைப்பகுதி கோணும். காரணமறியாமல் மூடியைத் திறந்தால் முகமும் வேகும். குறையும் 15,000 ரூபாய் யாருடையது என்று தரகர் கேட்டார். வேகும் முகம் யாருடையது என்று அவர் கேட்கவில்லை.

இதற்கு ஒப்பான செய்தி ஃபிக்ஹு நூல்களில் உண்டு. ஆட்டையோ ஒட்டகத்தையோ விற்க விரும்புபவர், சில நாட்கள் பால் கறவாமல் விட்டு, மடி பெருத்துத் தோன்றும்படி செய்து விற்பதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி வாங்கி ஏமாந்தவர், விரும்பினால் வைத்துக் கொள்ளலாம். விரும்பாவிடில் கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாஃ பேரீச்சம்பழம் சேர்த்துத் திருப்பித் தந்துவிடலாம். இவ்வாறு மடி கட்டப்பட்ட பிராணிக்கு முஸர்ராத் என்று பெயர். இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தமது மின்ஹாஜில் இதனோடு வேறொன்றையும் சேர்க்கிறார்கள்: வாய்க்காலின் அல்லது ஆலையின் நீரைத் தேக்கி வைத்துக்கொண்டு, விற்கும் வேளையில் திறந்துவிட்டு, எப்போதும் அவ்வளவு நீர் ஓடுவதுபோல் காட்டினால், வாங்கியவருக்குத் திருப்பித் தரும் உரிமை உண்டு. அங்கே ஓடாத நீரை ஓடுவதாகக் காட்டினார்கள். இங்கே ஒழுகும் நீரை ஒழுகாததாகக் காட்டச் சொன்னார் தரகர். மாணவர்களுக்கு எத்தனையோ முறை நடத்திய பாடம். ஆலையைக் கண்டறியாத நமது மாணவர்கள் இவ்விடத்தில் எப்போதும் கொட்டாவி விடுவார்கள். இனி இந்த இடம் வரும்போது ரேடியேட்டரைச் சொல்லலாம் என்றிருக்கிறோம்.

விற்பவர் மட்டுமன்றிக் குறையை அறிந்த மூன்றாமவரும் வாங்குபவருக்கு எடுத்துரைக்கக் கடமைப்பட்டவர் என்பது நமது மத்ஹபின் முடிவு. ஆதலால் தரகரும் தப்ப முடியாது. மறுநாள் அவரிடம் இதனைச் சொன்னபோது, "அப்படியானால் பதினைந்தாயிரம் போனது போனதுதான்" என்று பெருமூச்சு விட்டார். அப்படிப் போகவிடவும் நமக்கு உரிமையில்லை. ஒளிப்பதற்கும் இழப்பதற்கும் நடுவே செப்பனிடுதல் என்று ஒன்று இருக்கிறது அன்றோ? யதீமின் பொருளைக் கெடாமல் காக்கவும், அதன் மதிப்பை உயர்த்தவும் அப்பொருளிலிருந்தே செலவு செய்ய வஸிய்யுக்கு உரிமை உண்டு. வரவு செலவை மிஞ்ச வேண்டும் என்பதே நிபந்தனை. ஆகவே செலவு எவ்வளவு என்று அறிய வேண்டியதாயிற்று. காக்காவின் மனைவியாரிடமும் பெண்மக்களிடமும் இசைவு கேட்டோம். மதினி திரைக்கு அப்பாலிருந்து, "ஒளிச்சு வித்த காசு இந்த வீட்டுக்குள்ள வர வேணாம் தம்பி" என்று சொன்னார்கள். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

மெக்கானிக் ரேடியேட்டரைக் கழற்றித் தந்தார். அதைச் சாக்கில் சுற்றி, சிறுவனையும் அழைத்துக்கொண்டு, பேருந்தில் மதுரைக்குச் சென்றோம். நடத்துநர் அதற்கும் ஒரு சீட்டு வாங்கச் சொன்னார். வழியில் சிறுவன், "சாச்சா, வண்டிய விக்காம வச்சிக்கிட்டா என்ன?" என்றான். பதினான்கு பங்குக்கு உரியவனின் கேள்வி அது. சட்டப்படி அவனுடைய சொல்லுக்கு இப்போது வலுவில்லை எனினும், பதில் பெறும் உரிமை அவனுக்கு உண்டு. மற்றவர்களின் பதினெட்டுப் பங்கையும் அவனுடைய பணத்தைக் கொண்டு வாங்க வேண்டும். பதிவைப் புதுப்பிக்க வேண்டும். காப்பீடு கட்ட வேண்டும். ஓட்டுவதற்கு அவனுக்கு வயது வர இன்னும் ஐந்தாண்டு ஆகும். அதுவரை நிற்கும் வண்டி தானே தன்னைத் தின்னும் என்று விளக்கினோம். நிலமாயிருந்தால் அவசியமோ பெரும் ஆதாயமோ இன்றி விற்கமாட்டோம், வண்டி அப்படியன்று எனவும் சொன்னோம். மானாமதுரை தாண்டும்வரை அவன் பேசவில்லை.

பட்டறைக்காரர் அறுபது கடந்தவர். ரேடியேட்டரின் வாய்களை அடைத்து, காற்றைச் செலுத்தி, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தினார். நாம் மூன்று துளை என்று எண்ணியிருந்தோம். குமிழிகள் ஐந்து இடங்களில் எழுந்தன. பிறகு அனலைக் காட்டிப் பற்றாசை உருக்கி, மேல் தொட்டியைத் தனியே எடுத்தார். உள்ளே குழாய்களின் வாய்கள் வரிசையாய்த் தெரிந்தன. சிலவற்றில் மெல்லிய கம்பித் தகட்டைச் செலுத்திப் பார்த்தார். பாதி வழியில் நின்றுவிட்டது. ஏழு குழாய்களை முன்பே யாரோ நசுக்கி, ஈயம் வைத்து அடைத்திருந்தனர்.

"பாய், துளைய மட்டும் பத்தவச்சுத் தரலாம். காசு கம்மிதான். ஒரு கோடை தாங்கும், அடுத்த கோடைக்குச் சொல்ல முடியாது" என்றார். குழாய்களைக் குத்தித் தூர்வாரினால் அரித்துப்போன சுவர்கள் மேலும் கிழியும் என்றும் சொன்னார். அலுமினியத்தில் புதிதாகவே ஒன்று கிடைக்குமே என்று நாம் கேட்டோம். அலுமினியம் எடை குறைந்தது, விலையும் மலிவு; ஆயினும் செம்பைப்போல் வெப்பத்தைக் கடத்தாது; பழுதானால் இப்படி ஈயம் வைத்துப் பற்றவைக்கவும் இயலாது, தூக்கி எறிய வேண்டியதுதான் என்றார். பழைய பித்தளைத் தொட்டிகள் இரண்டையும் வைத்துக்கொண்டு, நடுவிலுள்ள கோரை மட்டும் புதுச் செம்பில் மாற்றித் தர 6,400 ரூபாய் கேட்டார். சிறுவன் விரல்விட்டு எண்ணிவிட்டு, "என் பங்குக்கு 2,800" என்றான். 6,562-ஐக் காக்க 2,800. வேலையைத் தொடங்கச் சொன்னோம்.

மூன்றாம் நாள் வாங்கி வந்து பூட்டினோம். உள்ளே ஊற்றுவதற்குப் பச்சை நிறக் கூலண்டு ஒன்றைப் பட்டறைக்காரர் பரிந்துரைத்திருந்தார். புதிய வண்டிகளுக்கென்று விற்கும் சிலவகை நீர்மங்கள் பழைய ரேடியேட்டரின் ஈயப்பற்றுக்கு ஒவ்வா என்பது அவருடைய எச்சரிக்கை. இன்னோர் எச்சரிக்கையும் தந்தார்; வீட்டில் வண்டி வைத்திருப்போர் அனைவரும் அதை அறிதல் நலம். கூலண்டில் சேரும் எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுடையது, கொடிய நஞ்சு. வடித்த நீரைத் தெருவில் ஊற்றினால் பூனையும் நாயும் நக்கிச் சாகும். குழந்தைகளும் தொட்டுச் சுவைக்கக் கூடும். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணுக்கு நேர்ந்ததை நமது வீட்டுக் குழந்தைகளும் அறிவர். பெண்மக்களுள் ஒருவர் அதற்கு வுளூச் செய்யலாமா என்று கேட்டனுப்பினார். நீர் என்னும் பெயரை அது என்றோ இழந்துவிட்டது என்று பதில் அனுப்பினோம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் கோவைக்காரர் வந்தார். செப்பனிட்டதைச் சொல்லி, பட்டறைச் சீட்டையும் கையில் கொடுத்தோம். அவர் மகிழ்ந்தார், ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கென 2021-இல் வந்த தனிப் பதிவு விதியைக் குறிப்பிட்டு, மூல வடிவம் மாறாதிருக்க வேண்டும், அலுமினியம் பூட்டியிருந்தால் தமக்குப் பிடித்திருக்காது என்றார். பத்து மைல் ஓட்டிப் பார்த்துத் திரும்பினார். வெப்பமானியின் முள் நடுவிலேயே நின்றது. அப்போது, ஈராண்டுகளுக்கு முன் பரமக்குடி அருகே இவ்வண்டி ஒருமுறை கொதித்து நின்றதாகக் காக்கா கூறியதையும் அவரிடம் சொன்னோம். மெக்கானிக் எண்ணெயைப் பார்த்து நீர் கலந்த அடையாளம் இல்லை என்று சொல்லியிருந்தார், அதையும் சொன்னோம். அவர் சற்று நேரம் யோசித்துவிட்டு 4,000 ரூபாயைக் குறைத்தார்.

தரகர் நம்மை ஒருபுறம் அழைத்துச் சென்று, "கேட்காததை ஏன் ஹஜ்ரத் சொன்னீர்கள்? அதுதான் இப்போது இல்லையே" என்றார். நீங்கிப்போன குறை குறையாகுமா என்பதில் வாதிக்க இடமுண்டு என்பதை நாமும் அறிவோம். ஆனால் அது நீங்கிவிட்டது என்று சத்தியம் செய்யும் அளவுக்கு இயந்திரத்தின் உள்ளே நாம் பார்த்ததில்லை. சிறுவனும் அருகிலேயே நின்றான்; பரமக்குடியில் தன் வாப்பாவோடு வண்டியில் இருந்தவன் அவன்.

1,56,000 ரூபாய் கைமாறியது. பங்குக்கு 4,875. சிறுவனின் 68,250 ரூபாயை அவன் பெயரில் தனியே ஒப்படைத்து, கணக்கை மதினியாரிடம் காட்டினோம். வண்டி தெருமுனை திரும்பும்வரை பார்த்துக் கொண்டிருந்தவன், கொட்டகைக்குள் சென்று வெகுநேரம் வெளியே வரவில்லை. யாரும் அவனைக் கூப்பிடவில்லை.

சொல்ல விடுபட்டது ஒன்று. பழைய கோரைப் பட்டறையிலேயே விட்டுவிடுவது வழக்கம் என்றார்கள். வழக்கமாயிருக்கலாம், ஆயினும் அந்தச் செம்பும் பித்தளையும் மரித்தவர் விட்டுச் சென்ற பொருளே. நிறுத்துப் பார்க்கச் சொன்னோம். பட்டறைக்காரர் சிரித்துக்கொண்டே தராசில் வைத்தார். 4 கிலோ இருந்தது; கிலோவுக்கு 400 வீதம் 1,600 ரூபாய் தந்தார். மதினிக்கு 200, பெண்மக்களுக்கு 350 வீதம் 700, சிறுவனுக்கு 700.